காதில் விழும் பாட்டு

போன தீபாவளிக்குப் பேரன் ஒரு ஹெட்போன் வாங்கித் தந்தான். உண்மையைச் சொல்கிறேன், அருமையான பொருள். 1978-இல் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. இத்தனை வருஷம் கேட்டும் பிடிபடாத வாத்திய ஒலிகள் இப்போது தனித்தனியாகக் கேட்டன.

ஆனால் பாட்டு தலைக்குள்ளேயே ஒலிக்கிறது. ஸ்பீக்கர் என்றால் இரண்டு பெட்டியின் ஒலியும் இரண்டு காதுக்கும் வரும். பாடுகிறவர் எதிரே இருப்பது போலத் தோன்றும்.

பத்து நாள் கழித்து என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இப்பல்லாம் பாட்டே கேக்கறதில்லையா?"

சுருக்கென்றது. நாற்பது வருஷமாக நான் கூடத்தில் பாட்டு வைத்தால் அவள் அடுப்படியில் கூடவே முணுமுணுப்பாள். அந்தக் குரல் நின்று போயிருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியார் அடிக்கடி திருத்துவார்: 'எகூத்தே' என்றால் கவனித்துக் கேட்பது, 'ஆந்தாந்த்ர்' என்றால் காதில் விழுவது. ஹெட்போன் முதலாவதற்கு மட்டும்தான் உதவும். குடும்பம் நடக்கும் வீட்டுக்கு இரண்டாவதும் வேண்டும்.

இரவில் பிறர் தூங்கும்போது ஹெட்போன் மாட்டுங்கள். சத்தத்தைக் குறைத்தே வையுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகலில் ஸ்பீக்கரே போதும்.

நேற்று அடுப்படியிலிருந்து மறுபடி முணுமுணுப்பு வந்தது. சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது. இருக்கட்டுமே.