சாம்பாரில் ஒளிந்த மாத்திரை

ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை. திருவேற்காட்டில் கால் வைக்க இடம் இல்லை. பூந்தமல்லிப் பக்கமிருந்து வரும் பஸ்கள் பிதுங்கி வழிகின்றன. கையில் வேப்பிலை, வாயில் "தாயே, கருமாரி!"

அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். எந்த ஆடியிலும் பார்க்கலாம். அப்பா ஒரு கையையும் மாமன் ஒரு கையையும் பிடித்திருக்க, நடுவில் ஒரு வாலிபன் வருவான். கண் சிவந்திருக்கும். வாய் ஓயாது. "இந்தக் கோவிலுக்குத் தங்கத்தால் கோபுரம் கட்டப் போகிறேன்" என்பான். பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்காது. நாலு நாளாகத் தூங்கியிருக்க மாட்டான். கேட்டால், "எனக்குத் தூக்கம் எதற்கு?" என்று சிரிப்பான்.

பக்கத்தில் நிற்கும் பாட்டி கன்னத்தில் போட்டுக் கொள்வாள். "பிள்ளை மேல அம்மா வந்திருக்கா!"

வந்திருப்பது அம்மன் அல்ல. வியாதி.

'பைபோலார்' என்கிறார்கள் டாக்டர்கள். இருதுருவ நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். ஒரு சமயம் மனம் ஆகாயத்தில் பறக்கும். அதுதான் 'மேனியா'. இன்னொரு சமயம் பாதாளத்தில் கிடக்கும். நடுவில் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில்கூட, மற்றவர்களைப் போலவே சௌக்கியமாக இருப்பார்கள்.

அருளையும் வியாதியையும் எப்படிப் பிரிப்பது என்று சிலர் கேட்கலாம். அருள் வந்து ஆடும் பெண்ணைப் பாருங்கள். ஆட்டம் ஓய்ந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள். முந்தானையால் முகம் துடைக்கிறாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறாள். இந்த வாலிபனுக்கோ ஓய்வதே இல்லை. ஒரு வாரம், பத்து நாள் என்று போகும். அதற்குள் மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போய்விடும். வேலையும் போய்விடும். கோவிலுக்குக் கூட்டி வருவதில் தவறு இல்லை. கோவிலோடு நிறுத்திவிடுவதுதான் தவறு.

முதல் மாத்திரை

இந்த வியாதிக்கு மருந்து இருக்கிறது. அது வந்த கதை வேடிக்கையானது.

பாரீஸ் நகரத்து ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில், 1952-ம் வருஷம் ஜனவரி 19-ந் தேதி, 'குளோர்புரோமசைன்' என்ற மருந்தை மனநோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். அவருக்கு வயது 24. அவருக்கு இருந்ததும் இதே மேனியாதான்! மூன்று வாரத்தில் அவர் தெளிந்து வீடு திரும்பும் நிலைக்கு வந்தார். உலகம் முழுவதும் மனநோய் ஆஸ்பத்திரிகளில் சங்கிலியும் பூட்டும் தளர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அதற்கு 21 வருஷம் முன்பே, 1931-ல், கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இரண்டு டாக்டர்கள் சர்ப்பகந்தா வேரைப் பற்றி எழுதிவிட்டார்கள். வெறி பிடித்தவர்களை அது அமைதிப்படுத்துகிறது, ரத்தக் கொதிப்பையும் குறைக்கிறது என்றார்கள். நம் நாட்டு வைத்தியர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த வேர்தான். சுவிட்சர்லாந்துக்காரர்கள் 1952-ல் அதிலிருந்து 'ரிசர்பின்' என்ற சத்தைப் பிரித்து எடுத்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது! திருவேற்காட்டுக்கு 'விடந்தீண்டாப்பதி' என்றும் ஒரு பெயர் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்குப் பாம்பின் பெயர் கொண்ட மருந்து புதுமையாகத் தோன்றாது. ஆனால் ரிசர்பின் சிலரைத் தீராத சோர்வில் தள்ளியது. நாளடைவில் மனநோய் வைத்தியத்திலிருந்து விலகிவிட்டது.

மூன்றாவது கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. ஜான் கேட் என்ற டாக்டர் 1948-ல், ஐந்து வருஷமாக மேனியாவில் இருந்த 51 வயதுக்காரர் ஒருவருக்கு 'லித்தியம்' என்ற உப்பைக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் வீட்டுக்குப் போனார். பழைய வேலையிலும் சேர்ந்தார். "எனக்குத்தான் குணமாகிவிட்டதே!" என்று எண்ணியவரைப் போல, மருந்தை நிறுத்தினார். அந்த வருஷமே திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தார். 1950-ல் லித்தியம் உடம்பில் மிஞ்சியதால் இறந்தும் போனார்.

மருந்து குணப்படுத்தியதும் உண்மை. நிறுத்தியதால் வியாதி திரும்பியதும் உண்மை. மருந்தே கொன்றதும் உண்மை. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லாதவர்கள் பேச்சை நம்ப வேண்டாம்.

ஏன் நிறுத்துகிறார்கள்?

"மாத்திரையை நிறுத்திட்டான் சார், அதான் மறுபடியும் வந்துடுச்சு." இதைக் கேட்காத மனநோய் டாக்டர் கிடையாது. நிறுத்தியவனைத் திட்டுவது சுலபம். ஏன் நிறுத்தினாய் என்று உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்?

இன்று மேனியாவுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபின், குவெட்டியாபின் ஆகியவை முக்கியமானவை. மூளையில் 'டோபமைன்' என்ற ரசாயனம் செய்யும் வேலையை இவை மட்டுப்படுத்துகின்றன. முதலில் தூக்கம் வரும். நாலு நாள் தூங்காதவன் அன்று தூங்குவதைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் அழுதுவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பேச்சு அடங்கும். கோபுரம் கட்டும் திட்டமும் போய்விடும்.

பிறகுதான் தொல்லை. காலையில் தலை தூக்க முடியாது. நாக்கு உலர்ந்து தடித்த மாதிரி இருக்கும். பசி அடங்காது, ராத்திரி எழுந்து பழைய சோற்றைத் தேடுவான். ஒலான்ஸபின் சாப்பிடுகிற பலருக்கு ஆறு மாதத்தில் பழைய சட்டைக்குப் பட்டன் போட முடிவதில்லை. சர்க்கரையும் கூடலாம். ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பெண்கள் சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும். இதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு.

சிலருக்கு ஓர் இடத்தில் உட்காரவே முடியாது. நடந்துகொண்டே இருப்பார்கள். வியாதி முற்றிவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் அது மருந்தின் வேலை. இதைப் புரிந்துகொள்ளாமல் மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும்.

இன்னொன்று மிகவும் பயங்கரமாக இருக்கும். ஹாலோபெரிடால் போன்ற மருந்து ஆரம்பித்த சில நாட்களில் சிலருக்குத் திடீரென்று கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். தாடை இறுகும். கண்விழி மேலே ஏறி அங்கேயே நின்றுவிடும். பார்க்கிறவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று அலறுவார்கள். வேப்பிலை அடிக்க ஓடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஒரே ஊசியில் சரியாகிற விஷயம் அது! மருந்து எழுதும்போதே, "இப்படி வரலாம், வந்தால் உடனே வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் பாதிப் பேய்களுக்கு வேலையே இருக்காது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு வருத்தம் உண்டு. மேனியாவில் அவன் ராஜாவாக இருந்தான். மாத்திரை அவனை மறுபடியும் கடன்காரனாக, வேலை இழந்தவனாக ஆக்கிவிட்டது. அந்த உயரத்திலிருந்து இறங்கியவனின் ஏக்கத்தை மாத்திரை கொடுத்தவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒளித்துக் கொடுக்கலாமா?

பல வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாத்திரையைப் பொடி செய்து சாம்பாரிலோ பாலிலோ கலந்து கொடுத்துவிடுவது! செய்கிறவர்கள் பெற்ற தாயும் கட்டிய மனைவியும்தான். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் தவறு, தவறுதான்.

"என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்" என்று அவன் சொல்கிறான். அது வியாதியின் பேச்சு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் உண்மையாகவே கலக்கியிருக்கிறார்களே! ஒரு நாள் தட்டின் அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் அவன் ஒரு வாய் சோறு தின்பானா? தனக்கு மருந்தே தேவைப்படவில்லை என்று நினைத்திருந்தவனுக்கு வெளியூர் போனதும் வியாதி திரும்பினால் காரணம் விளங்குமா? கழுத்து திருகிக்கொண்டால், என்ன சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் அவனால் சொல்ல முடியுமா?

மூர்க்கமாக இருக்கும்போது வேறு வழி என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அப்போது ஆஸ்பத்திரிதான் வழி. சமையலறை வழி அல்ல. கீழ்ப்பாக்கத்து மனநோய் ஆஸ்பத்திரி 1794-ம் வருஷத்துப் பரம்பரை உடையது. திருவேற்காட்டிலிருந்து அதிக தூரமும் இல்லை. சட்டமும் உதவுகிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தடுத்திருக்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி கொட்டகை தீப்பிடித்து, கட்டிப்போட்டிருந்த 28 பேர் மாண்டதை யார் மறக்க முடியும்? அதே சட்டத்தில், தெளிவாக இருக்கும் காலத்திலேயே, "எனக்கு வியாதி வந்தால் இந்த வைத்தியம் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள், என் சார்பில் இன்னார் பேசட்டும்" என்று எழுதி வைக்கவும் இடம் இருக்கிறது. எத்தனை குடும்பத்துக்கு இது தெரியும்?

எடை கூடுகிறதா? சொல்லட்டும். எடையும் சர்க்கரையும் மருந்து தொடங்கும்போதும், மூன்று மாதம் கழித்தும், பிறகு வருஷந்தோறும் பார்க்க வேண்டியவை. தூக்கம் தாங்கவில்லையா? வேளையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கும் போகலாம். திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடாது.

விரதக்காரர்களுக்கு

ஆடி மாதத்துக்கென்றே ஒரு விஷயம். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் குடிக்காமலோ, உப்பில்லாமலோ விரதம் இருப்பது ஆபத்து. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுங்கும், நடை தள்ளாடும், வாந்தி வரும். கூட்டத்தில் மயங்கி விழுந்தால் சாமி வந்துவிட்டது என்று மஞ்சள் தண்ணீர்தான் தெளிப்பார்கள். விரதத்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டுவிட வேண்டும்.

ஏர்வாடி தர்காவில் இன்று பிரார்த்தனைக்குப் பக்கத்திலேயே மருந்தும் கிடைக்க அரசாங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது. திருச்சிப் பக்கம் குணசீலம் கோவிலில், சாமி கும்பிட வரும் மனநோயாளிகளை டாக்டரும் பார்க்கிறார். திருவேற்காட்டில் ஆடி ஞாயிறுகளில் மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மனநல டாக்டர் இருந்தால் போதும். செலவு அதிகம் ஆகாது. அதுவரை 14416 என்ற 'டெலி மானஸ்' போன் நம்பரை ஒரு பெரிய போர்டில் எழுதி, செருப்பு விடும் இடத்திலாவது மாட்டி வைக்கலாம். அங்கே எல்லோரும் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள்.