பழைய டீசல் இன்ஜின் கிளம்ப மறுக்கிறதா?

“அகரம்தென் பக்கம் 40 சென்ட் நிலத்தில் கீரை போட்டிருக்கிறோம். 5 ஹெச்.பி. பழைய டீசல் இன்ஜின் மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்தது. இப்போது எவ்வளவு சுற்றினாலும் கிளம்பவில்லை. பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயில் பிடித்தால் கிளம்பும் என்கிறார்கள். செய்யலாமா?”
- வாசகர், அஸ்தினாபுரம்.

பெட்ரோல் துணி வேண்டவே வேண்டாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 17-ல் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும். அதில் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் ஆவி, பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே பற்றிவிடும். ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். முகத்தில் தீ அடிக்கவும் கூடும்.

முதலில் சைலன்சரைக் கவனிக்க வேண்டும். சுற்றும்போது புகையே வரவில்லை என்றால், டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால், எரியவில்லை.

டீசல் போகாவிட்டால்: நெடுநாள் நின்ற டேங்கின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்ற வேண்டும். பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டரில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விட்டு முடுக்க வேண்டும். அடுத்து, நாசிலுக்குப் போகும் பைப் நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி, இன்ஜினைச் சுற்றி, அங்கும் டீசல் வந்ததும் முடுக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது நாசிலில் ‘கிர்ர்’ என்ற சத்தம் கேட்டால் சரி. நாசிலைக் கழற்றிச் சோதிக்கும்போது கையை முன்னால் நீட்டக் கூடாது. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்துவிடும்.

டீசல் போயும் எரியாவிட்டால்: காற்று ஃபில்டரைச் சுத்தம் செய்துவிட்டு, டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்காமல் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நன்றாக முட்டிக்கொண்டு நின்றால் கம்ப்ரஷன் இருக்கிறது. சுலபமாகச் சுற்றினால் இல்லை. காற்றுக் குழாயில் அரைத் தேக்கரண்டி இன்ஜின் ஆயில் மட்டும் விட்டு மறுபடி சுற்ற வேண்டும். இறுக்கம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வில் கசிவு. டேப்பெட் இடைவெளியைச் சரிபார்த்த பிறகே வால்வைக் கழற்ற வேண்டும்.

எல்லாம் சரியென்றால், லிவரைத் தூக்கி வேகமாகச் சுற்றி, ஃப்ளைவீல் வேகம் பிடித்ததும் இறக்கிவிட்டால் கிளம்பும். கட்டைவிரல் ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் இறங்கிவிட்டதென்று இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் திரும்ப மாட்டார்.