பண்டகசாலையில் காப்பிக் கொட்டை

மணிலாக்கொட்டையை விற்கச் செல்லும் நம் விவசாய அங்கத்தினர், அதை உடைத்துப் பருப்பைப் பாராமல் விலை கூறும் வியாபாரியைக் கண்டிருக்கமாட்டார். ஆரணியில் பட்டு நெய்யும் அங்கத்தினரோ, இழையைத் தொட்டுப் பாராமல் பாவைத் தறியில் ஏற்றமாட்டார். பொருளைக் கண்டு, தொட்டு, தேர்ந்து வாங்க வேண்டும் என்பதை இவ்விருவருக்கும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், நாள்தோறும் காலையில் அருந்தும் காப்பியின் விஷயத்தில் மட்டும் இந்த விழிப்பு உறங்கிவிடுகிறது.

சென்ற மாதம் திருவண்ணாமலையிலுள்ள பெரிய அங்காடி ஒன்றிற்குச் சென்று, காப்பிக் கொட்டை வேண்டுமெனக் கேட்டேன். பணியாளர் என்னைக் காப்பித் தட்டின் முன் நிறுத்தினார். கரையும் காப்பி, வடிகட்டும் காப்பிப் பொடி, ஐந்து ரூபாய்ச் சிறு பொட்டலம் என வகைவகையாக அடுக்கப்பட்டிருந்தன. கொட்டை மட்டும் இல்லை. “இப்போது யார் ஐயா கொட்டை வாங்குகிறார்கள்?” என்று அவர் வியந்தார். நம் வீடுகளில் கொட்டையை இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் அரைத்த காலத்தை நினைவுகூரும் முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அந்த வழக்கம் மறைந்ததால் நாம் இழந்தது மணம் மட்டும்தானா?

கொட்டையைக் கண்டால் அதன் தரம் தெரியும். நீண்டு தட்டையாக இருப்பது அராபிகா; உருண்டு சிறுத்திருப்பது ரொபஸ்டா. பூச்சி துளைத்ததும், கருகியதும், உடைந்ததும் கண்ணுக்குப் புலப்படும். பொடியாகிவிட்டால் இவை யாவும் மறைந்துவிடும். அன்றியும், வறுத்த கொட்டை சில வாரங்கள் மணம் குன்றாதிருக்கும். அரைத்த பொடியோ காற்றுப் பட்ட சில நாட்களிலேயே மணத்தை இழக்கும்.

அடுத்தது கலப்பு. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராவது. அதை வறுத்து அரைத்துக் காப்பிப் பொடியுடன் சேர்க்கின்றனர். நிறமும் கெட்டித் தன்மையும் தருவதால் பலர் அதை விரும்புகின்றனர்; விரும்புவதில் குற்றமில்லை. ஆனால் சட்டப்படி, காப்பி–சிக்கரிக் கலவையில் நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருந்தால் போதும். எஞ்சிய 49 பங்கும் சிக்கரியாகவே இருக்கலாம். இவ்விகிதத்தை உறைமேல் அச்சிட வேண்டும் என்பதும் விதி. அச்சிடுகிறார்கள்; நாம்தான் படிப்பதில்லை. அத்தகைய கலவையில் 500 கிராம் வாங்கும் குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பி 255 கிராமே. பட்டென்று சொல்லிச் செயற்கை இழை கலந்த சேலையை விற்றால் கொதித்தெழும் நாம், இங்கு எவ்வளவு காப்பிக்குப் பணம் கொடுக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

கூட்டுறவு இயக்கம் பிறந்ததே இவ்வகைக் கேள்வியில்தான். 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை திறந்த முன்னோடிகளில் நெசவாளரும் இருந்தனர். மாவிலும் வெண்ணெயிலும் கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில், தூய பொருளைச் சரியான எடையில் விற்பதே தங்கள் கடமை என்று கொண்டனர். நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் நுகர்வோரின் நலத்தையே நாடியது. அவ்வழி வந்த நம் பண்டகசாலைகள், தனியார் அங்காடியின் தட்டை அப்படியே நகல் எடுப்பது பொருந்துமா?

உற்பத்தியாளர் பக்கமும் சிறிது நோக்குவோம். இந்தியக் காப்பி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலத்தினர். 1940-களிலிருந்து பல பத்தாண்டுகள் அவர்களது விளைவு முழுவதும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே சென்றது. 1990-களில் படிப்படியாகத் தளர்ந்த அக்கட்டுப்பாடு 1996-இல் முற்றிலும் நீங்கியது. இன்று விவசாயி விரும்பியவருக்கு விற்கலாம். ஆனால் தனித்து நிற்கும் சிறு விவசாயிக்கு வியாபாரி சொன்னதே விலை. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கிலோ, பழங்குடியினர் விளைவிக்கும் காப்பியைக் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் கொள்முதல் செய்கிறது. அரக்கு அராபிகா 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம் மாநிலத்திலும் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பழனிமலை, நீலகிரி ஆகிய இடங்களில் காப்பி விளைகிறது. ஏற்காட்டுக் கொட்டை நம் ஊர் வந்து சேரக் கடல் கடக்க வேண்டியதில்லை.

நமது யோசனை இது. பண்டகசாலை, மலைப்பகுதிச் சங்கங்களிடமோ விவசாயிகளிடமோ நேரில் கொட்டை வாங்கட்டும். வறுத்த தேதியை எழுதிக் கண்ணாடிப் புட்டியில் வைக்கட்டும். ஓர் அரைவை இயந்திரத்தை நிறுவி, அங்கத்தினர் கண்ணெதிரே அரைத்துத் தரட்டும். சிக்கரி தனி டப்பாவில் இருக்கட்டும்; வேண்டியவர் வேண்டிய அளவு கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

“நெசவாளர் வீட்டில் இயந்திரம் ஏது? ஒரு கிலோ வாங்கப் பணம் ஏது?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. அதனாலேயே 50 கிராமையும் முகம் சுளிக்காது அரைத்துத் தர வேண்டும் என்கிறோம். சிறு பொட்டலமாக வாங்கும் ஏழையே பல வேளைகளில் கிராமுக்கு அதிக விலை கொடுக்கிறான். சங்கம் முதலில் நினைக்க வேண்டியவன் அவனே.

கணக்கும் தேவை. ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் ஏறத்தாழ 800 முதல் 850 கிராமே தேறும். விலை நிர்ணயிக்கும் செயலாளர் இதை மறத்தலாகாது. காப்பி விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது. ஆகவே பெருந்தொகையை முடக்காமல், சிறு அளவில் தொடங்குவதே அறிவுடைமை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துவரும் பெருங்கூட்டத்திடமும், ஆசிரமங்களில் தங்கும் வெளியூராரிடமும் புதிதாய் அரைத்த காப்பிக்கு ஆதரவு இராது என்று எவர் சொல்வர்?

வரும் பொதுப்பேரவையில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். அதுவரை, கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் உறைமேல் உள்ள விகிதத்தை ஒருமுறை படித்துவிட்டுப் பணத்தை எடுப்பாராக.