மூன்று எஜமானர், ஒரு பிரயாணி

சென்னைப் பட்டணத்தின் எல்லை வெகு வேகமாக விரிகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விஸ்தரித்து 2022-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சர்க்கார் உத்தரவு பிறப்பித்தனர். திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கற்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஜில்லாக்களின் பகுதிகள் இப்போது ஒரே பெருநகரத்தின் அங்கங்களாகிவிட்டன. படத்தில் ஒரு கோடு இழுக்க ஒரு நாள் போதும். ஆனால் அந்தக் கோட்டுக்குள் வாழும் ஜனங்கள் காலையில் வேலைக்குப் போய், விளக்கு வைக்கும் நேரத்திலாவது வீடு திரும்ப வேண்டுமே! அதற்கு வழி என்ன? ஊரின் எல்லையை ஐந்து மடங்கு ஆக்கியவர்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

திருநின்றவூரில் குடியிருந்து சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் ஒரு தொழிலாளியை நேயர்கள் நினைத்துப் பார்க்கட்டும். விடியற்காலையில் எழுந்து அவன் புறநகர் ரெயிலில் சென்ட்ரலுக்கு வருகிறான். அந்த ரெயில் மத்திய சர்க்காருடையது. அங்கே சுரங்கத்தில் இறங்கி மெட்ரோ ஏறிக் கிண்டிக்குப் போகிறான். அது மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் கூட்டாக நடத்தும் கம்பெனியுடையது. கிண்டியில் இறங்கிப் பஸ்ஸுக்காக நிற்கிறான். அந்தப் பஸ் மாநில சர்க்காரின் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. பிரயாணி ஒருவன், பிரயாணம் ஒன்று, எஜமானர் மூவர், கட்டணமும் மூன்று. ரெயில் தாமதமானால் மெட்ரோவுக்குக் கவலையில்லை. மெட்ரோவில் ஆயிரம் பேர் வந்து இறங்கினாலும் பஸ்ஸுக்கு அது சமாசாரமில்லை. ஒவ்வொரு நிர்வாகமும் தன் வண்டி நேரத்துக்குப் புறப்பட்டதா என்று பார்க்கிறது. அந்த மனிதன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தானா என்று பார்ப்பவர் எவருமில்லை. பெருநகரப் போக்குவரத்தின் வியாதி இதுவே என்பது நமது துணிபு.

இந்த வியாதி புதிதன்று. 1856-ம் வருஷத்தில் இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் ரெயில் புறப்பட்டது. 1895-ம் வருஷத்தில் மின்சார டிராம் வந்தது. 1931-ம் வருஷத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓடத் தொடங்கிற்று. இந்தியாவின் மற்ற நகரங்கள் பல அதைக் கண்டு ஆச்சரியப்பட்ட காலம் அது. ஆனால் அந்நாளில் இவற்றை நடத்தியவர்கள் தனித் தனிக் கம்பெனிகள். தன் பாதை, தன் வசூல், தன் பங்குதாரர் என்பதற்கு அப்பால் ஒரு கம்பெனிக்கு என்ன அக்கறை இருக்க முடியும்? 1953-ம் வருஷத்தில் டிராம் கம்பெனி கதவை அடைத்தபோது டிராம் போயிற்று, தண்டவாளமும் போயிற்று. அதை நம்பியிருந்த ஜனங்களின் கதி என்ன என்பது கம்பெனியின் கணக்குப் புஸ்தகத்தில் இடம்பெறவில்லை. அன்னியர் ஆட்சி 1947-ம் வருஷத்தோடு ஒழிந்தது. கம்பெனிகளும் ஒழிந்தன. கம்பெனிப் புத்தி மட்டும் ஒழியவில்லை. இன்று எல்லா வண்டிகளும் ஜனங்களின் சொத்து. இருந்தும் ஒன்றையொன்று அறியாத அன்னியர்களைப் போலவே அவை ஓடுகின்றன.

அத்தாட்சி வேண்டுமா? பறக்கும் ரெயிலைப் பாருங்கள். 1995-ம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-ம் வருஷத்தில் மயிலை வரையிலும், 2007-ம் வருஷத்தில் வேளச்சேரி வரையிலும் அது வந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டரை இணைத்துவிட்டால் பறக்கும் ரெயிலும் தாம்பரம் ரெயிலும் மெட்ரோவும் ஓரிடத்தில் கை கோத்துக்கொள்ளும். 2008-ம் வருஷத்தில் தொடங்கிய அந்த வேலை, சுமார் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கினால் வருஷக்கணக்கில் முடங்கிற்று. பதினைந்து வருஷம் கழித்து, 2023-ம் வருஷத்திலும் அங்கே வண்டி ஓடவில்லை. தூண்கள் நின்றன, ஜனங்களும் நின்றார்கள். நிலத்துக்கு நியாயமான விலை கேட்டவர்களை நாம் குறை கூறவில்லை. தீர்த்து வைக்க வேண்டிய பொறுப்பு எவருடையது என்பதே தீராமற் போனதைத்தான் குறை கூறுகிறோம்.

கிளாம்பாக்கத்தையும் பாருங்கள். 2023-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி அங்கே பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் ஜில்லாக்களிலிருந்து வரும் பஸ்கள் கோயம்பேட்டுக்குப் பதிலாக அங்கேயே நிற்கும்படி ஏற்பாடாயிற்று. நகரத்துக்குள் நெருக்கடி குறையும் என்ற நோக்கம் நல்லதே. செங்கற்பட்டு ரெயில் பாதையோ சாலைக்கு அப்புறத்தில் செல்கிறது. ஆனால் பஸ் நிலையம் திறந்த அன்று அங்கே ரெயில் நிலையம் இல்லை! இரவெல்லாம் பிரயாணம் செய்து, மூட்டையும் குழந்தையுமாக விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள், கண்ணெதிரே ஓடும் ரெயிலில் ஏற முடியாமல் வேறு பஸ்ஸையோ ஆட்டோவையோ தேடினார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு, பிறகு பெண் தேடியது போலாயிற்று. பஸ் நிலையம் கட்டியவர் வேறு, ரெயில் நிலையம் கட்ட வேண்டியவர் வேறு என்பது சமாதானமாகாது. அதுதான் குற்றமே.

இதற்குப் பரிகாரம் சட்டப் புஸ்தகத்தில் இல்லாமலில்லை. சென்னைப் பெருநகரத்தின் போக்குவரத்தை ஒருமுகப்படுத்துவதற்காகத் தனிக் குழுமம் அமைக்க 2010-ம் வருஷத்திலேயே சட்டசபை சட்டம் செய்தது. 2019-ம் வருஷத்தில்தான் அது அமலுக்கு வந்தது. 'கும்டா' என்று ஜனங்கள் சுருக்கி அழைக்கும் அந்தக் குழுமம் பிறகு சில நற்காரியங்களைச் செய்திருக்கிறது. பஸ், மெட்ரோ, புறநகர் ரெயில் ஆகியவற்றுக்குச் செல்போனிலேயே சேர்த்துச் சீட்டு வாங்கும் ஏற்பாடு 2025-ம் வருஷம் செப்டம்பரில் வந்தது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் சீட்டு ஒன்றானால் போதுமா? வண்டி மாறும்போதெல்லாம் புதிதாகக் கட்டணம் தொடங்கினால், மூன்று மூட்டைகளை ஒரே கயிற்றால் கட்டியது போலத்தானே ஆகும்? சுமை குறையவில்லையே!

ஒரு விஷயத்தை விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறோம். 2021-ம் வருஷம் முதல் சாதாரணப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்து வருகிறார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் ஏழைப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை அவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்தச் சலுகை பஸ்ஸின் படிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. ரெயிலில் அரை மணியில் போகக்கூடிய இடத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி போகிறவள் காசை மிச்சப்படுத்துகிறாள்; காலத்தை இழக்கிறாள். ஏழையின் காலத்துக்கு விலையில்லை என்று நாம் நினைக்கிறோமா? அவள் இழக்கும் அந்த ஒரு மணி நேரம், குழந்தைக்குச் சோறூட்டும் நேரம். அவள் கண்ணயரும் நேரம்.

"ரெயில்வே டில்லியின் கையில் இருக்கிறது; மாநிலத்தால் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கைவிரிக்கிறார்கள். இந்த ஆட்சேபத்தில் சாரமில்லை. லண்டன் நகரத்தில் 1933-ம் வருஷத்தில் சுரங்க ரெயில், டிராம், பஸ் ஆகிய மூன்றையும் ஒரே போர்டின் கீழ்க் கொண்டுவந்தார்கள். பெரிய ரெயில்வே கம்பெனிகள் அந்தப் போர்டில் சேரவில்லை. ஆனால் அவற்றின் புறநகர் வசூலை மட்டும் போர்டின் வசூலோடு பொதுவாக்கிப் பங்கிட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம் 1965-ம் வருஷத்தில் இதைவிட ஒரு படி மேலே சென்றது. தேச ரெயில்வேயும் நகரத்தின் வண்டி ஸ்தாபனங்களும் தத்தம் சொத்தைத் தாமே வைத்துக்கொண்டு, கால அட்டவணையையும் கட்டணத்தையும் ஒன்றாக்கின. எவரும் எதையும் எவருக்கும் தாரை வார்க்கவில்லை. வசூலை ஒரே உண்டியலில் போட்டு, நியாயமான கணக்கின்படி பிரித்துக்கொண்டார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? டில்லியும் சென்னையும் கொள்கையில் ஆயிரம் சண்டை போடட்டும். திருநின்றவூர்த் தொழிலாளியின் தலைமேல் நின்று போட வேண்டாம்.

"மெட்ரோவின் இரண்டாங் கட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வோரும் உண்டு. 2015-ம் வருஷத்தில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கிய மெட்ரோவினால் நகரவாசிகள் அடைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. இரண்டாங் கட்டம் 118.9 கிலோமீட்டர் என்றும், மதிப்பு 63,246 கோடி ரூபாய் என்றும் திட்டமிட்டு, 2024-ம் வருஷம் அக்டோபரில் மத்திய மந்திரிசபையும் சம்மதம் அளித்தது. அது வரட்டும், விரைவில் வரட்டும். ஆனால் 5,904 சதுர கிலோமீட்டருக்கு 118 கிலோமீட்டர் ரெயில் எம்மட்டு? ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஐந்நூறு கோடிக்கு மேல் செலவாகும் பாதையை ஊர்தோறும் போட முடியுமா? ரெயில் முதுகெலும்பு. பஸ்ஸே கையும் காலும். கையும் காலும் இல்லாத முதுகெலும்பு எழுந்து நடக்காது. ஒரு லக்ஷம் ஜனங்களுக்கு 40 முதல் 60 பஸ்கள் வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் நகராட்சி இலாகாவே வகுத்த அளவுகோல். கோடி ஜனங்கள் வாழும் பெருநகரத்துக்குக் குறைந்தது நாலாயிரம் பஸ்கள் வேண்டும். 2024-ம் வருஷத்தில் மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருந்தவை மூவாயிரத்துச் சொச்சம். எல்லை விரிந்த பின்பு தேவை இன்னும் பெரிது.

பஸ் இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள் முளைக்கிறது. "ஜனங்கள் சொந்த வண்டியைத்தான் விரும்புகிறார்கள்" என்பது பாதி உண்மை. தவணையில் வண்டி வாங்கி, சம்பளத்தில் ஒரு பங்கை வட்டிக்கும் ஒரு பங்கைப் பெட்ரோலுக்கும் கொடுத்து, லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் வாலிபன் அதை ஆசையினால் செய்யவில்லை. வேறு வழியின்மையால் செய்கிறான். புது நகர்கள் எழும் இடங்களில் முதலில் மனை விற்கிறது; பிறகு வீடு எழும்புகிறது; பிறகு தெரு குறுகுகிறது; கடைசியில் பஸ் வேண்டுமென்று மனு போகிறது. அப்போது பஸ் திரும்பவும் இடமிருப்பதில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பழைய எல்லைக்குள் செய்த தவறுகளைத் திருத்துவது கஷ்டம். புதிய எல்லைக்குள் அவற்றைச் செய்யாமலிருப்பது சுலபம். ஆனால் அதற்கு உரிய காலம் இதுவே. வயல்கள் மனைகளான பிறகு அன்று.

ஆகவே சர்க்காரை நாம் வற்புறுத்துவது நான்கு. முதலாவது, குழுமத்துக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் போதாது. பணத்தின்மேல் அதிகாரம் வேண்டும். அதன் ஒப்புதலின்றிப் பெருநகரத்தில் பஸ் நிலையமோ ரெயில் நிலையமோ மேம்பாலமோ எழும்பலாகாது. இரண்டாவது, வசூலைப் பொதுவாக்கி, தூரத்துக்கு ஒரே கட்டணம் வகுக்க வேண்டும். வண்டி மாறுவது குற்றமன்று. அதற்கு அபராதம் கூடாது. மூன்றாவது, புதிய எல்லைக்குள் எந்த மனைப் பிரிவுக்கும் அனுமதி தருமுன், பஸ் செல்ல அகலமான வழி உண்டா, எத்தனை பஸ் வரும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். நான்காவது, நிலையத்துக்கு நடந்து போகும் வழி. பிரயாணம் வண்டியில் தொடங்குவதில்லை. வீட்டு வாயிலில் தொடங்குகிறது. நடைபாதையில்லாத ஊரில் எந்த ரெயிலும் பாதி ரெயில்தான்.

இவை கேளாமல் வரமாட்டா. தொழிற்சங்கங்கள் கூலிக்காகப் போராடுகின்றன. பிரயாணத்தில் அழியும் மூன்று மணி நேரமும் கூலியில்லாத வேலைதான் என்பதை அவை உணர வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் தத்தம் தெருவுக்கு விளக்குக் கேட்பதோடு நில்லாமல், ரெயிலும் பஸ்ஸும் சந்திக்கும் நேரத்தையும் கேட்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், "உங்கள் கட்சி எந்தப் பாலத்தைக் கட்டும்?" என்று கேட்டது போதும். "காலை எட்டு மணிக்கு என் ஊரில் பஸ் நிற்குமா? அது ரெயிலைப் பிடிக்குமா?" என்று கேளுங்கள்.

சுயராஜ்யம் என்பது கொடி மரத்தில் மட்டும் பறப்பதன்று. ஒரு குடிமகன் தன் காலத்தைத் தான் ஆள்வதும் சுயராஜ்யமே. திருநின்றவூரிலிருந்து புறப்படுகிறவனுக்கு மூன்று எஜமானர் இருக்கும் வரையில் அந்தச் சுயராஜ்யம் அவனுக்கு வந்து சேரவில்லை.