வீட்டுக்கு எதிராக ஒரு பச்சை வேலி

கலிஃபோர்னியாவில், நகருக்குள் கிடக்கும் காலி மனையில் சிறு அடுக்குமாடி கட்ட நகராட்சி அனுமதித்தாலும், 1970ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டத்தைக் காட்டி அக்கம்பக்கத்தார் வழக்குப் போட முடிந்தது. 2023இல் பெர்க்லி மாணவர் குடியிருப்பு வழக்கில், குடிவருவோர் எழுப்பும் சத்தத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராயச் சொன்னது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1916இலேயே 'தனிவீடுகள் மட்டும்' என்று விதி போட்டுக் கறுப்பரையும் ஆசியரையும் தள்ளிவைக்க வழி செய்த நகரம் அது. மனிதர் குடிவருவதையே மாசு என்பது நமக்குப் புதிதா? ஊர், சேரி என்று பிரித்தவர்கள் சொன்னதும் அதுதானே!

2025 ஜூன் 30இல், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நகருக்குள் கட்டும் குடியிருப்புகளுக்கு அந்த ஆய்விலிருந்து விலக்கு தந்தார்கள். வரவேற்போம். ஆனால் அதே நாளில் உயர்தொழில்நுட்ப ஆலைகளுக்கும் விலக்கு! ஆலைக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வீட்டை மறித்த வேலி விழட்டும். ஆலையைக் கேள்வி கேட்கும் உரிமை விழக் கூடாது.