ஓராண்டுக்கு வந்தவர்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை சொல்லித்தர 1946ல் லண்டனிலிருந்து வந்தார் டாக்டர் பால் பிராண்ட். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். இருந்ததோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

'அழைப்பு' என்ற சொல் கிறிஸ்தவர்களிடையே தாராளமாகப் புழங்குவது. சாட்சி சொல்லும் கூட்டங்களில் அது நேர்கோடாகவே வரும்: ஜெபித்தார், கர்த்தர் பேசினார், புறப்பட்டார். பிராண்டின் வாழ்க்கையில் அப்படி ஒரு நேர்கோட்டைத் தேடினால் கிடைக்காது.

1914ல் கொல்லிமலையில் பிறந்தவர் அவர். மிஷனரியான தந்தை ஜெஸ்ஸி மலைவாசிகளுக்கு வீடும் கட்டினார், மருந்தும் கொடுத்தார். மகனுக்குத் தச்சு வேலை பிடித்தது. ரத்தமும் சீழும் அறவே பிடிக்கவில்லை. ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். 1929ல் தந்தி வந்தது: கடும் காய்ச்சலில் தந்தை இறந்துவிட்டார். அதற்குப் பிறகும், தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன.

அந்த மரணத்தையும் 'தேவ நடத்துதல்' என்ற கணக்கில் அவசரமாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பதின்வயதுப் பையனிடம் அதைச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

தந்தையைப்போல இந்தியாவில் கட்டடம் கட்டி ஊழியம் செய்வது என்று முடிவு செய்து, நான்கு ஆண்டுகள் கட்டுமானத் தொழில் கற்றார் பிராண்ட். மிஷன் அவரை ஏற்கவில்லை. சரி, மிஷனரிகளுக்கான ஓராண்டு மருத்துவப் பயிற்சியையாவது முடிப்போம் என்று போன இடத்தில் மருத்துவத்தின்மீது இருந்த அருவருப்பு போய்விட்டது. மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உலகப் போர் வந்தது. குண்டுவீச்சில் சிதைந்த லண்டனில், காயம்பட்டவர்களிடம் அறுவை சிகிச்சை பழகினார். வீணான நான்கு ஆண்டுகள், பிறகு ஒரு போர். அன்று அவரைப் பார்த்தவர்கள் இதை வழி என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

வேலூர் வந்தபின் ஒருநாள், தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேனுடன் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம், தன் கையை அழுத்தச் சொன்னார். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்கவில்லை. அந்தக் கையில் பலம் இருந்தது! நோய் சில நரம்புகளைத்தான் செயலிழக்க வைக்கிறது. முன்கையின் பல தசைகள் நன்றாகவே இருக்கின்றன. அப்படியானால் நல்ல தசையின் தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரலை நிமிர்த்தலாமே? எலும்பு மூட்டு நிபுணர்கள் எட்டிப் பார்த்திராத துறை அது. பிராண்டின் ஆயுட்பணி அங்கே தொடங்கியது. கை நிமிர்ந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே என்று ஒரு பட்டறை தொடங்கியபோது, வீணாகிப்போன அந்தத் தச்சு வேலையும் கைகொடுத்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் பவுலும் இப்படித்தான் அலைகிறார். ஆசியா என்ற மாகாணத்தில் பிரசங்கிக்கத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கும் தடை. துரோவாவில் இரவில் ஒரு தரிசனம்: உதவிக்கு வரச்சொல்லும் மக்கெதோனியா மனிதன். கடல் கடந்து பிலிப்பி போனால் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் பெண்கள். முதலில் ஏற்றுக்கொண்டவர் லீதியாள் என்ற இரத்தாம்பர வியாபாரி. அவர் ஊர் தியத்தீரா. அதாவது, தடைசெய்யப்பட்ட அதே ஆசியாக்காரர்! வேதாகமம் இதற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை. பவுலும் தரிசனத்தில் கண்ட ஆண் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கவில்லை, உட்கார்ந்து பேசினார்.

'கர்த்தர் எனக்குச் சொன்னார்' என்று ஆரம்பிப்பவர்கள் பலருக்கு இந்த இடம் சிரமமானது. சொன்னதாக நினைத்ததை மாற்றிக்கொள்ள அவர்களால் முடிவதில்லை. திட்டம் போட்டதில் பவுலும் குறைந்தவரில்லை, பிராண்டும் குறைந்தவரில்லை. திட்டம் உடைந்தபோது கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பிராண்டின் தாய் எவலின் கதை இன்னும் வேடிக்கையானது. கணவர் இறந்தபின்னும் ஊழியத்தில் இருந்தவர். எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெறவேண்டும் என்றது மிஷன். விதிப்படி சரியான முடிவுதான். அந்த அம்மாள் ஓய்வு பெற்றார். பிறகு, ஓய்வு பெற்றவர் எங்கே குடியிருந்தால் யாருக்கு என்ன என்று மலைக்கே போய்விட்டார். மலைகளைத் துணையென்று கணவரும் அவரும் இளமையில் கனவு கண்ட ஊழியத்தை, மிஷனின் சம்பளமோ உத்தரவோ இல்லாமல், கொல்லிமலையிலும் சுற்றியுள்ள மலைகளிலும் தொடர்ந்தார். குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். மலையை விட்டு வரச்சொல்லி டாக்டர் மகன் வாதாடித் தோற்றார்.

1974ல் 95ஆம் வயதில் எவலின் இறந்தபோது, கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.