வீடு மாறும் குடும்பங்களும் தவறிப்போகும் தடுப்பூசியும்

பேலியகொடை என்றதும் 2020 ஒக்டோபரில் மீன் சந்தையிலிருந்து பரவிய கொரோனா கொத்தணியே பலருக்கும் நினைவில் எழும். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து கொழும்பு, கம்பஹா மாவட்டங்களை அச்சுறுத்தியது புதிய நோயல்ல. வென்றுவிட்டதாக நாம் பெருமிதம் கொண்டிருந்த சின்னமுத்துவே அது.

சின்னமுத்துவை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019 ஜூலையில் அறிவித்தது. 2023 இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரி 6 ஆம் திகதி கொழும்பு, கம்பஹா, யாழ்ப்பாணம், கல்முனை உள்ளிட்ட ஒன்பது பகுதிகளில், ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரையான குழந்தைகளுக்கு மேலதிகத் தடுப்பூசி ஏற்றவேண்டிய நிலை உருவானது. வழமையாக இத்தடுப்பூசி ஒன்பதாவது மாதத்திலும் மூன்றாவது வயதிலுமே ஏற்றப்படுகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குறைந்து, முதலாவது ஊசிக்குரிய வயதும் எட்டாத சிசுவுக்குச் சுற்றியிருப்போர் ஊசி ஏற்றியிருப்பதொன்றே கவசம். பாதுகாப்பற்றோர் மத்தியில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேருக்கு இது தொற்றக்கூடும். ஆகவேதான் 95 சதவீதத்தினர் இரு ஊசிகளையும் பெற்றிருக்க வேண்டுமென நிபுணர்கள் வலியுறுத்துகின்றனர். நாட்டின் சராசரி உயர்ந்திருப்பது மட்டும் போதாது. ஒரு தோட்டத்தில், ஒரு ஒழுங்கையில் இடைவெளி இருந்தாலே நோய்க்குப் போதுமானது.

இந்த இடைவெளிக்குத் தடுப்பூசி மீதான எதிர்ப்பு மாத்திரமே காரணமென நாம் கருதவில்லை. கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ வாடகை கட்டுபடியாகாத குடும்பமொன்று களனி ஆற்றைக் கடந்து பேலியகொடைக்குக் குடிபெயர்கிறது. தூரம் சில கிலோமீற்றர்தான். ஆனால் மாவட்டம் மாறுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு மாறுகிறது. குழந்தையின் பெயரை அறிந்த குடும்ப நல உத்தியோகத்தரும் மாறுகிறார். புதிய இடத்தில் பதியாவிட்டால் அக்குழந்தையைத் தேடிவர எவருமில்லை. பதின்ம வயதை நெருங்குவோரின் நிலையும் இதுவே. ஆறாம் தரச் சிறுமியருக்கு 2017 முதல் ஏற்றப்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான ஊசியும், ஏழாம் தரத்தில் ஏற்றப்படும் ஏற்பு, தொண்டைக் கரப்பான் ஊசியும் பாடசாலைகளிலேயே வழங்கப்படுகின்றன. இடைவிலகிய பிள்ளைகள் அவற்றை எளிதில் தவறவிடுகின்றனர்.

முஸ்லிம் சமூகத்தின் மனக்காயத்தையும் இங்கு மறைப்பதற்கில்லை. கொரோனாவால் மரணித்தோரின் ஜனாஸாக்கள் 2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளில் பலவந்தமாக எரிக்கப்பட்டன. அதற்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையிலேயே. அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆயினும் அதனைத் தடுப்பூசி மீது திருப்பினால் இழப்பு நமது குழந்தைக்கே. ஹஜ் யாத்திரிகர்களும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஏற்றிக்கொண்டே புனித பூமிக்குச் செல்கின்றனர் என்பதை நினைவூட்டுகிறோம்.

ஆற்றின் இரு மருங்கிலுமுள்ள சுகாதாரப் பணிமனைகள் இடம்பெயரும் குழந்தைகளின் விபரங்களைத் தாமாகவே பரிமாற வேண்டும். தமிழில் உரையாடக்கூடிய உத்தியோகத்தர்களை இப்பகுதிக்கு நியமிப்பது அமைச்சின் பொறுப்பு. வீடு மாறிய பெற்றோர் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுடன் புதிய பகுதியின் கிளினிக்குக்குச் செல்வார்களாக. தவறிய ஊசிகளைப் பின்னரும் ஏற்றிக்கொள்ளலாம்.